ஈவ்ஷாம் போன நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன வருடம் ஈவ்ஷாமுக்குக் கூட்டிப் போனாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் கல்லூரியில் இங்கிலாந்து வரலாறு நடத்தியவனுக்கு அந்த மண்ணைக் காட்டியது என் மகன் என்று இங்கே நான் சொல்லாத ஆள் இல்லை. நீதான் பல மாதமாக அப்பாவிடம் பேசவில்லை.

அன்று ரயிலுக்கு நேரமானதால் ஒன்றை விட்டுவிட்டேன். 1264இல் லூயிஸ் போரில் ராஜாவையே பிடித்து, ஒரு வருடம் நாட்டை நடத்திய பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட், ஈவ்ஷாமில் எதிர்பார்த்திருந்தது தன் மகனை. அந்த இளைய சைமனின் ஆட்கள் கெனில்வொர்த் கோட்டைக்கு வெளியே தூங்கியபோது, நீ இருக்கும் வூஸ்டரிலிருந்து இரவோடு இரவாகப் போய் இளவரசர் எட்வர்ட் அடித்துவிட்டார். அங்கே பிடித்த கொடிகளோடுதான் 1265 ஆகஸ்ட் 4 காலை ஈவ்ஷாம் வந்தார். கொடியைப் பார்த்ததும் மகன் வந்துவிட்டான் என்று அப்பாவுக்கு நிம்மதி. மடத்துக் கோபுரத்தில் ஏறிப் பார்த்த நாவிதர்தான் வருவது எட்வர்ட் என்று சொன்னார். மூன்று பக்கமும் ஏவன் ஆறு, எங்கே போவது? கூட இருந்த மூத்த மகன் ஹென்றியும் அங்கேயே செத்தான். இளையவன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வகுப்பில் எப்போதும் அந்த இளையவனைத்தான் திட்டுவேன். அப்பா கூப்பிட்டிருக்கிறார், இவன் வழியில் வின்செஸ்டரைக் கொள்ளையடித்துக்கொண்டு நின்றான் என்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் விழிக்காதே.

தம்பி, அப்பத்தா காரியத்தன்று பந்தலில் பெரியப்பா கேட்டபோது, "கூப்பிட்டும் வரவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உன்னை யார் கூப்பிட்டது? ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "சரியாகிவிடும், லீவு போட்டு வராதே" என்று சொன்னது நான்தான். அத்தனை பேர் பார்க்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் கேட்டுக்கொண்டிருந்த நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சைமனாவது மகனுக்கு ஆள் அனுப்பினார்.

நேற்று பெரியப்பா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன், அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

காதை மூடிக்கொள், மறந்துவிடாதே. தை மாதம் அப்பத்தாவுக்குத் திவசம் வருகிறது. இந்தத் தடவை நான் கூப்பிடுகிறேன், வா.

அப்பா