காற்று கிளம்பும் முன்பே வந்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், மருந்துக்கடை அம்மாவுக்கும், பள்ளிக்கூட முகாமில் இருந்த தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

புயலுக்குப் பின் மரம் அறுத்தவர்களுக்கும் கரண்ட் கொடுத்தவர்களுக்கும் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டார்கள். எங்கள் கும்பிடும் அவர்களுக்கு உண்டு. ஆனால் இந்த மடல், வானம் வெறித்துக் கிடந்தபோதே எங்கள் வாசலில் வந்து நின்றவர்களுக்கு.

முதலில் எதிர்வீட்டு அக்கா. வெளியேறச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் எங்கள் அம்மா அசையவில்லை. "டிவியில மூணாம் வகைன்னுதானே சொல்றான், வீடு தாங்கும்" என்பது அவர் கட்சி. ஹரிகேன் என்னும் பெரும்புயலுக்குக் கொடுக்கும் ஒன்று முதல் ஐந்து வரையிலான அந்த எண் காற்றின் வேகத்துக்கு மட்டும்தான். கடல் எவ்வளவு ஏறும் என்று அது சொல்வதில்லை. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஏறியபோதும் மூன்றாம் வகைதான். அங்கே மிசிசிப்பி மாநிலக் கரையில் கடல் 8 மீட்டருக்கு மேல் எழும்பியது. அக்கா இந்தப் பாடமெல்லாம் நடத்தவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "காத்து வந்தா கதவைச் சாத்திக்கலாம்மா. கடல் வந்தா எந்தக் கதவைச் சாத்துவீங்க?" என்றார். அம்மா பதில் பேசாமல் எழுந்து போய்ப் புடவைகளை மடிக்க ஆரம்பித்தார்.

மருந்துக்கடை அம்மா, இன்சுலினைத் துண்டில் சுற்றிக் குளிர்பைக்குள் வைத்துக் காட்டினார். ஐஸ் நேராகப் பட்டு உறைந்துவிட்டால் அந்த மருந்தைக் கொட்டத்தான் வேண்டும். மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தந்ததும் அவர்தான். முகாமில் செவிலியர் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.

பக்கத்து வீட்டு அண்ணா டிரில்லோடு வந்தார். ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவதெல்லாம் மனசுக்குத்தான் ஆறுதல், கண்ணாடிக்கு அல்ல என்று சொல்லி, பிளைவுட் அறுத்து அடித்தார். ஒவ்வொரு பலகையிலும் எந்த ஜன்னலுக்கு உரியது என்று மார்க்கரில் எழுதினார். கிளம்பும்போது ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு காசை வைக்கச் சொன்னார். அம்மா ஏதோ வேண்டுதல் என்றே நினைத்துவிட்டார். திரும்பி வந்து திறந்தால், கப்பில் கெட்டியாக ஐஸ்தான் இருந்தது, காசு மட்டும் அடியில். நடுவில் எல்லாம் உருகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்திருக்கிறது! பார்வைக்குப் புதிது போலிருந்த இறைச்சி, மீன் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. வயிறு பிழைத்தது அண்ணாவால்.

முகாம் தம்பி தங்கைகளே, பையனுக்கு மூச்சுவழி மருந்து கொடுக்கும் நெபுலைசர் கருவிக்காகப் பிளக் பாயின்ட் பக்கத்துக் கட்டிலை நாங்கள் வருமுன்பே ஒதுக்கி வைத்திருந்தீர்கள். எங்கள் பூனையையும் முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டீர்கள். (அது உங்களுக்கு நன்றியாக இருந்ததாகத் தெரியவில்லை. மன்னிக்கவும்.)

மேட்டுப்பக்கம் வீட்டிலேயே தங்கிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வைத்தீர்கள். புயலின் கண், அதாவது அமைதியான நடுப்பகுதி, மேலே வந்து காற்று சட்டென்று அடங்கியபோது, வெளியே ஓடப் பார்த்த பிள்ளைகளை மாமா கதவில் முதுகைக் கொடுத்து நிறுத்தினாராம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அறைந்தது. அழைப்பு கிடைக்காத அந்த இரவில் "நலம்" என்ற உங்கள் ஒற்றைச் சொல் குறுஞ்செய்திதான் எங்களைத் தூங்க வைத்தது.

அண்ணா, உங்கள் டிரில் எங்களிடம்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம். அடுத்த முறை உத்தரவு வந்தால் எங்கள் வண்டியில் இரண்டு இடம் காலி. தெருவில் வண்டி ஓட்டாத பெரியவர்கள் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
தெருமுனை வீட்டார்