அடியில் சுருளும் நூலைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோவையிலும் திருப்பூரிலும் உள்ள தையல் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கேட்டுவிட்டு எனக்கே அனுப்பி வைத்தவர்களும் உண்டு. ஓர் அம்மா நம் கடையில் வாங்கிய தையல் மெஷினில் ஃப்ரீ மோஷன் குவில்டிங் (நடுவில் பஞ்சு வைத்த துணியைக் கையாலேயே எல்லாப் பக்கமும் நகர்த்தி டிசைன் தைப்பது) செய்தால் துணியின் அடியில் நூல் கொத்தாகச் சுருண்டுகொள்கிறதாம்; ஆகவே பழைய மெஷினுக்குப் பாலிஷ் போட்டு விற்றுவிட்டார்களாம். விலை கூடுதல் என்று சொல்லுங்கள், கடையில் உட்கார இடமில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பழையதைப் புதியது என்று விற்றோம் என்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெட்டியை உங்கள் கண் முன்னால்தானே பிரிக்கிறோம்? மெஷினில் உள்ள எண்ணைப் பார்த்துத்தானே பில் எழுதுகிறோம்?

அந்த மெஷினை வரவழைத்துப் பார்த்தோம். நேர்த்தையலில் எந்தக் குறையும் இல்லை. இந்தத் தையலுக்கான டார்னிங் ஃபுட்டை (ஃபுட் என்பது ஊசியைச் சுற்றித் துணிமேல் இறங்கும் பாதம்) மாட்டி அந்த அம்மாவையே தைக்கச் சொன்னதும் காரணம் தெரிந்துவிட்டது. ஃபுட்டை ஏற்றி இறக்கும் பின்பக்க லீவரை அவர் இறக்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரண ஃபுட் மேலே நின்றால் கண்ணுக்குத் தெரியும். டார்னிங் ஃபுட் இறக்கினாலும் துணியை அழுத்திப் பிடிக்காது, லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதனால் இறக்கியாயிற்று என்றே தோன்றும். ஆனால் லீவர் மேலே இருக்கும்வரை, மேல்நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய டென்ஷன் தட்டுகள் விரிந்தே இருக்கும். மேல்நூலுக்குப் பிடி கிடையாது. இழுக்க இழுக்க வந்து அடியில் குவியும். குவிவது கீழே என்பதால் எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினைச் சந்தேகிக்கிறார்கள், பாபின் கேஸின் திருகைத் திருகிப் பார்க்கிறார்கள். கோளாறு மேலே இருக்கிறது. நூல் கோக்கும்போது மட்டும் லீவர் மேலே இருக்கட்டும். அப்போதுதான் நூல் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காரும். தைக்கும்போது அது கீழேதான் இருக்க வேண்டும். ஃபுட்டைக் கழற்றிவிட்டு வளையம் மாட்டி கால் மெஷினில் எம்பிராய்டரி போட்ட நம் அம்மாக்களுக்கும் இதே விதிதான்.

குரல் பதிவில் தையல் விட்டுவிட்டு விழுவதாகவும் ஒரு புகார் இருக்கிறது. அவர் பழகியது பனியன் கட்டிங் துணியில். திருப்பூர் பக்கத்தில் அது கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் பின்னல் துணி இழுபடும். சாதாரண ஊசி அதில் தையலைத் தவறவிடும். பழகுவதற்குப் பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ போதும். ஓர் அடிச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, நடுவில் பஞ்சு ஷீட் வைத்து, ஊக்குகளைக் குத்திக்கொள்ளுங்கள். 14ஆம் எண் ஊசி, புதியதாக இருக்கட்டும். துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிடுங்கள். அந்த வசதி இல்லாத மெஷினுக்குப் பற்களை மூடும் தகடு உண்டு. பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு தொடங்கினால் ஆரம்பச் சிக்கல் வராது.

கோலம் போட்ட கைக்கு இதெல்லாம் எளிது என்று சிலர் வருகிறார்கள். பாதி சரி. கோலத்தில் கை ஓடும், தரை நிற்கும்; இங்கே ஊசி ஓரிடத்தில் நிற்க, துணிதான் ஓட வேண்டும். அதுவும் முதலில் பழகும் நெளிகோட்டு டிசைனில், சிக்குக் கோலம்போலக் கோடு கோட்டைத் தாண்டக் கூடாது. முதலில் தாளில் பென்சிலைத் தூக்காமல் வரைந்து பழகுங்கள். பிறகு பெடலை ஒரே வேகத்தில் மிதித்துக் கையை அதற்கேற்ப நகர்த்துங்கள். கை முந்தினால் தையல் நீளும், ஊசி வளைந்து தகட்டில் இடித்து உடையவும் செய்யும். கை பிந்தினால் தையல் ஓரிடத்திலேயே நெருங்கி அடைத்துக்கொள்ளும். வளைவில் மட்டும் அடியில் சின்னச் சின்னக் கண்ணிகள் தெரிந்தால், திரும்பும் இடத்தில் கையை வெடுக்கென்று இழுக்கிறீர்கள் என்று பொருள். இலை, கூழாங்கல், இறகு எல்லாம் அப்புறம் வரட்டும்.

குரல் பதிவைக் கேட்ட பிறகும் வந்து, "நீங்கள் அப்படிச் செய்பவர் இல்லை" என்று கவுண்டரில் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மகள் கல்யாணச் சீருக்கு மெஷின் வாங்கி, இப்போது பேத்திக்கும் வாங்க வந்த அம்மாக்களை வைத்துத்தான் இந்தக் கடை ஓடுகிறது.

வீட்டுக்கு வந்து பழுது பார்த்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதால் மெஷினைக் கடைக்கே கொண்டுவர வேண்டியிருக்கும். சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரும் மாதம் முதல் 150 ரூபாய். மற்றபடி எல்லாம் வழக்கம்போல்தான்.

மெஷினோடு நீங்கள் தைத்துப் பார்த்த துண்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும், பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்