ஹார்ட் ஷோல்டர் எந்தத் தோள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனில் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் கணினியில் எடுக்கும் தியறி சோதனைக்குத் தமிழ்க் குரலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதற்கு எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கு நன்றாகவே விளங்குகிறது, நானே மூன்றாம் முறைதான் பாஸ் பண்ணினேன். ஆனால் கையெழுத்து வைக்க மனம் வரவில்லை.

விசயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2014 ஏப்ரல் 7 வரைக்கும் இங்கே சோதனை அறையில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு 19 வேற்று மொழிகளில் கேள்வியைக் கேட்கலாம், அதில் தமிழும் ஒன்று. றோட்டுப் போர்டை வாசிக்கத் தெரியாதவர் ஓடினால் ஆபத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கள்ளவேலையும் நடக்கிறது என்று சொல்லி அரசாங்கம் நிறுத்திவிட்டது. இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான். இனி அது திரும்ப வரும் என்று நான் நம்பவில்லை. சரி, வந்தாலும் என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு உதவும் என்பதுதான் என் சந்தேகம்.

நான் வவுனியாவில் ஸ்கூட்டர் ஓடினவள், ஆகையால் இது என்ன பெரிய சோதனை என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன். போனில் ஒரு ஆப்பை இறக்கி, கடையில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் பாடமாக்கினேன். கேள்வியின் முதல் நாலு சொல்லைக் கண்டாலே விடையை அமத்துகிற அளவுக்கு வந்துவிட்டேன், எல்லாப் பயிற்சித் தாளிலும் 50க்கு 48, 49. உண்மையான சோதனையில் 38. பாஸாக 43 வேண்டும். 2012 தொடக்கம் சோதனையில் வருகிற கேள்விகளை அவர்கள் வெளியே விடுவதில்லை, புத்தகத்திலும் ஆப்பிலும் இருப்பது பயிற்சிக் கேள்விகள் மட்டும்தான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதே விசயத்தை வேறு சொல்லில் கேட்டார்கள், நான் முழித்துக்கொண்டு இருந்தேன்.

'ஹார்ட் ஷோல்டர்' என்று ஒன்று வந்தது. வீட்டுக்கு வந்து மகளின் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'கடினமான தோள்பட்டை' என்கிறது! மோட்டார்வே என்கிற அதிவேக றோட்டின் இடது ஓரத்தில், கார் பழுதானால் ஒதுக்கி நிறுத்த விட்டிருக்கும் பாதைக்குத்தான் அந்தப் பெயர். அந்தச் சாமானே எங்கள் ஊரில் நான் கண்டதில்லை, பிறகு தமிழில் குரல் கொடுத்தால் மட்டும் எப்படி விளங்கும்? டூவல் கேரேஜ்வே என்றால் இரண்டு லேன் உள்ள றோட்டு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. போகிற பக்கத்தையும் வருகிற பக்கத்தையும் நடுவில் ஏதாவது ஒன்று பிரித்திருந்தால்தான் அது டூவல், எத்தனை லேன் இருந்தாலும் நடுவில் பிரிப்பு இல்லையென்றால் சிங்கிள்தான். தெருவிளக்கு வரிசை இல்லாத இடத்தில், வேறு போர்டும் இல்லாவிட்டால், காருக்கு டூவலில் மணிக்கு 70 மைல், சிங்கிளில் 60. 60ம் 70ம் எனக்குப் பாடம், எது எதற்கென்றுதான் தெரியாது. கடவைகளைக் கேட்கவே வேண்டாம். ஊரில் எங்களுக்கு மஞ்சள் கடவை ஒன்றுதான், இங்கே சீப்ரா, பெலிக்கன், பஃபின், டூக்கன் என்று ஒரு மிருகக்காட்சிசாலையே இருக்கிறது. டூக்கனில் நடப்பவரும் சைக்கிள்காரரும் இரண்டு பேருமே போகலாம், 'டூ கேன்' என்று மகள் சொன்ன பிறகு அது மறக்கவேயில்லை.

சோதனையில் கேள்விப் பகுதி, வீடியோப் பகுதி என்று இரண்டு உண்டு. இரண்டாம் முறை கேள்விப் பகுதியில் 45. வீடியோப் பகுதியில் 75க்கு 44 வேண்டும், எனக்கு 41. ஒரு பகுதியில் விட்டால் இரண்டையும் திரும்ப எடுக்க வேண்டும், இன்னொரு 23 பவுண். 14 வீடியோ காட்டுவார்கள், ஆபத்து உருவாகத் தொடங்கும்போது மவுஸை அமத்த வேண்டும். பயத்தில் நான் சும்மா அமத்திக்கொண்டே இருந்தேன், அப்படி அமத்தினால் அந்த வீடியோவுக்கு முழுப் பூச்சியம். ஓரத்தில் நிற்கிற வான் வெறும் வான்தான், அதன் இண்டிகேட்டர் மினுங்கி முன்சில்லு எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கும் நேரத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

இதை நான் பழகியது 183 பஸ்ஸில். மேல்தட்டில் முன் சீட்டில் இருந்து, கென்டன் றோட்டு நெடுக, எங்கே என்ன நடக்கப்போகிறது என்று பார்த்துப் பார்த்து 'இப்ப... இப்ப...' என்று மடியில் இருந்த பையில் விரலால் தட்டிக்கொண்டு போவேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருநாள் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டா. மற்றப்படி ஒரு கொப்பி போட்டேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அது என்ன சாமான் என்று தமிழில், பக்கத்தில் ஒரு கோணல் படம். சொற்களை எடுத்தது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஹைவே கோட் என்கிற அரசாங்கத்தின் றோட்டு விதிப் புத்தகத்திலிருந்து. மூன்றாம் முறை 47ம் 56ம்.

'தியறி பாஸ் எடுத்துத் தரப்படும்' என்று விளம்பரம் போடுகிறவர்களை நம்பிப் போகாதீர்கள், இதில் ஆள்மாறாட்டம் செய்து சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்கள் பதியும்போதே ஆங்கிலக் குரல் வேண்டும் என்று கேட்கலாம், ஒரு கேள்வியை எத்தனை தரமும் திரும்பக் கேட்கலாம், இது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. ப்ரொவிஷனல் அட்டையை, அதாவது பழகுநர் லைசென்ஸை, மறந்து போனால் காசும் போய்விடும், இதையும் சொல்லிவைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அம்மாக்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நடையில் காத்திருக்கிறோமே, அந்த நேரத்தில் பத்துப் பேர் இருந்து ஹைவே கோடில் ஒரு பக்கத்தை வாசித்துக் கதைத்தால் என்ன? எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடமும் ஒரு விண்ணப்பம். இராசிபலனுக்கு அரைப் பக்கம் கொடுக்கிறீர்கள், அதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி விட்டு வாரம் ஒரு றோட்டுச் சொல் போடுங்கள். முதல் வாரத்துக்கு 'ஹார்ட் ஷோல்டர்' எழுதி, படமும் கீறி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படம் கொஞ்சம் கோணல்தான், நீங்கள் திருத்திப் போடலாம்.

ஒரு வாசகி,
ஹரோ