கறிவேப்பிலைக்கு மன்னிப்பு கேட்ட ஊர்

அன்புள்ள அக்கா,

டோக்கியோ வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் போனில் பேசினாலும் நான் எதையாவது சொல்ல ஆரம்பிப்பதற்குள் அம்மா "சாப்பிட்டியா"வுக்குப் போய்விடுகிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டு, கறிவேப்பிலை வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துப் படி.

முதலில் பிளேன். கம்பெனி பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டதாகச் சொன்னேன் இல்லையா, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை நடுராத்திரி, ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து டோக்கியோ ஏழு மணி நேரம், அதுதான் கதை. பெயருக்குத்தான் சீட், பட்டனை அமுக்கினால் கட்டிலாகிவிடுகிறது. சாப்பாட்டு மேஜை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் பத்து நிமிடம் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தேன், கேட்கவும் கூச்சம். சுடச்சுட ஈரத்துண்டு ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார்கள், பக்கத்து சீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையைத் துடைத்தேன். பணிப்பெண் வந்து என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடந்து நான் பார்த்ததில்லை (அத்தான் கோபித்துக்கொள்ள வேண்டாம்). இவ்வளவும் இருந்தும் தூக்கம் மட்டும் வரவில்லை. மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்டத் தூங்கிப் பழகியவனுக்கு மெத்தை ஒத்துக்கொள்ளுமா?

இந்த மரியாதையெல்லாம் டிக்கெட் காசுக்குத்தான், இறங்கியதும் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். நரிதா விமான நிலையத்தில் பெட்டிக்காகப் போய் நின்றால், ஒருவர் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி, கைப்பிடி நம் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டிருக்கிறார். நம் கயிறு கட்டிய பெட்டிக்கும் அதே மரியாதை.

அப்புறம் கறிவேப்பிலை. பொடி டப்பாக்களுக்கு நடுவில் அம்மா பேப்பரில் சுற்றி வைத்திருந்தது எனக்கே தெரியாது. சான்றிதழ் இல்லாமல் பச்சை இலை, பழம் எதுவும் இந்த ஊருக்குள் வரக்கூடாதாம். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி ஒரு படத்தைக் காட்டி விளக்கினார், மன்னிக்கவும் என்றார், இரண்டு கையாலும் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார், மறுபடி குனிந்து மன்னிக்கவும் என்றார். தப்பு செய்தவன் நான். ஆனால் இலை என்னவோ போனது போனதுதான், ஒரு கொத்துகூடத் திரும்பி வரவில்லை.

இங்கே எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. கடையில் காசைக் கையில் வாங்க மாட்டார்கள், அதற்கென்று ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதில் வைக்க வேண்டும். ஒரே ஒரு சோற்று உருண்டை வாங்கினாலும் குனிந்து நன்றி சொல்கிறார்கள். டிப்ஸ் கொடுக்கிற வழக்கமே கிடையாது. 2017-இல் ஒரு ரயில் 20 வினாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது என்று சுகுபா எக்ஸ்பிரஸ் கம்பெனி மன்னிப்பு கேட்டு அறிக்கையே விட்டதாம். ஆபீஸில் இதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன், சொன்னவர் சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்று, இவர்கள் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல்லை வாங்க முடியாது. பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று மேனேஜரிடம் கேட்டேன். தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "சொத்தோ..." என்று நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் என்று அர்த்தம், சரி, யோசிக்கிறார் போல என்று நாலு நாள் காத்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர்தான் பாவம் பார்த்து, அதுவே பதில் என்று சொன்னார். குப்பையை நாள் மாற்றி வைத்தபோதும் அப்படித்தான், யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, பை மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். எதிர்வீட்டு ஆச்சி மாதிரி யாராவது வாசலில் நின்று நாலு வார்த்தை கத்தியிருந்தால் அன்றைக்கே பழகியிருப்போம். இங்கே மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டம்மாவும் நானும் குனிந்துகொண்டேதான் இருக்கிறோம், அவர் பெயர் இன்னும் தெரியாது.

இங்கே டோக்கியோவில் நிஷி கசாய் என்ற பகுதியில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள், மளிகைக்குக் கவலை இல்லை என்று அம்மாவிடம் சொல். ரயிலில் யாரும் போன் பேச மாட்டார்கள், அதனால் நான் கட் பண்ணினால் கோபம் என்று அவள் நினைக்க வேண்டாம். அங்கே சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடுங்கள், இங்கே பத்து மணி, வீட்டில்தான் இருப்பேன். அடுத்த பார்சலில் பருப்புப்பொடி மட்டும் போதும். பச்சையாக எதுவும் வேண்டாம், அந்த மனிதரை இன்னொரு தடவை குனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்புடன்,
தம்பி