கால்நடை மருத்துவமனைகளில் ஒளிச்சிகிச்சைக்கு இடம் வேண்டும்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். ஆறாத புண்ணோடு வரும் நாய்களையும் மடிநோய் கண்ட பசுக்களையும் அன்றாடம் பார்க்கும் கிராமப்புறக் கால்நடை மருத்துவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சாயமும் ஒளியும் சேர்ந்து கிருமிகளையும் கட்டிகளையும் அழிக்கும் முறையான ஒளிச்சிகிச்சைக்கென, தங்கள் போதனை மருத்துவமனைகளில் முறையான நெறிகளோடு ஒரு பிரிவு இயங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரிலிருந்த பாரமீசியங்கள் என்ற ஒற்றைச்செல் உயிரிகள் வெளிச்சம் பட்டதும் மடிவதைக் கண்டு, அதை 1900இல் வெளியிட்டார். அதே அடிப்படையில்தான் இன்றும், மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தைப் புண்ணில் தடவிச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சும்போது, திசுவிலுள்ள ஆக்சிஜன் வீரியம் மிக்க வடிவமாக மாறி, அருகிலுள்ள நுண்ணுயிரிகளை அழிக்கிறது. அது ஒரே சமயத்தில் பல இடங்களைத் தாக்குவதால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறுவது அரிது. ஆன்டிபயாட்டிக்குகள் பலனிழந்துவரும் இக்காலத்தில் இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை. பிரேசிலில் பெங்குவின்களின் பாதப் புண்களுக்கு இம்முறையைக் கையாண்டு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள்.

கட்டிகளைப் பொறுத்தவரை நிதானம் வேண்டும். வெள்ளைப் பூனைகளின் மூக்கு நுனியில் வெயிலால் தோன்றும் செதிள் உயிரணுப் புற்று, சிறியதாகவும் மேலோட்டமாகவும் இருக்கையில் ஒளிச்சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுகிறது; ஆழமாக ஊடுருவியபின் மீண்டும் தலைகாட்டுகிறது. சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர் அளவே பயனுள்ள வகையில் செல்லும் என்பதால், நம் மாடுகளின் கொம்புப் புற்றுக்கு இதைத் தீர்வாகச் சொல்வது உரிமையாளரை ஏமாற்றுவதாகும். அதற்கு அறுவைதான் வழி. ஊசி வழியே செலுத்தும் போர்ஃபிமர் சோடியம் என்ற ஒளியுணர் மருந்தைப் பெற்ற மனிதர்களே குறைந்தது 30 நாள் வெயிலைத் தவிர்க்க வேண்டியிருக்க, திறந்தவெளியில் கட்டப்படும் மாட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஆகவே மேற்பூச்சுச் சாயங்களிலிருந்தும் விலை குறைந்த சிவப்பு எல்இடி விளக்குகளிலிருந்தும் தொடங்குங்கள். பூனைகள் மெத்திலீன் நீலத்தை நக்கி விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும் என்பதால், அவற்றுக்குத் தனி நெறி தேவை. மடிநோய்க்குப் பரிந்துரைக்கும் முன், சாயத்தின் எச்சம் பாலில் எத்தனை நாள் தங்குகிறது என்பதை அளந்து வெளியிடுங்கள். ஒளியின் அலைநீளம், அளவு, புண் ஆறிய காலம், திரும்பிய கட்டிகள் ஆகிய அனைத்தையும் தோல்விகளோடு சேர்த்துப் பதிந்து, களத்திலுள்ள எங்களுக்கும் தமிழில் வழங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிராமப்புறக் கால்நடை மருத்துவர்