விலை குறைந்தால் குறையும் குறையுமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தள்ளுபடியில் கிடைக்கும் வீடியோ கேம்கள் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையையும், அதில் பாராட்டப்பட்ட 'செலெஸ்ட்' பற்றி அடுத்தடுத்து வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். முதலில் எழுதியவர் மூன்றாவது அத்தியாயத்தோடு தூக்கிப் போட்டுவிட்டாராம். மணிக்கு நூறு தடவை சாகடிப்பதெல்லாம் ஒரு கேமா, அதனால்தான் அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்கள் என்கிறார். அவருக்குப் பதில் எழுதியவர் 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டு, மீதிக் கடிதம் முழுக்கத் தான் எத்தனை ஸ்ட்ராபெர்ரி சேர்த்தேன் என்று கணக்குச் சொல்கிறார். (கேமுக்குள் ஆங்காங்கே ஒளிந்திருக்கும் ஸ்ட்ராபெர்ரிகளால் ஒரு பயனும் இல்லை, பெருமையடித்துக்கொள்ள மட்டும்தான். அதைக் கேமே சொல்லிவிடுகிறது.)

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பழமொழி நல்ல பழமொழி. ஆடத் தெரியாதவர்கள் கூடத்தைக் குறை சொல்வது உண்டுதான். அதே சமயம் சில கூடங்கள் நிஜமாகவே கோணலாகக் கட்டப்பட்டிருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் எது எது என்று எப்படிச் சொல்வது? இந்த இரண்டு கடிதங்களிலும் யாரும் ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. ஒருவர் தடுக்கி விழுந்த கோபத்தில் எழுதியிருக்கிறார், இன்னொருவர் விழாத பெருமையில்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம். 'செலெஸ்ட்' ஒரு பிளாட்ஃபார்ம் கேம், அதாவது தாவி, தொற்றி, கீழே விழாமல் அடுத்த மேடைக்குப் போய்ச் சேர வேண்டிய வகை. 2015இல் மேடி தோர்சன், நோயல் பெரி என்ற இருவர் நாலே நாளில் செய்து பார்த்த குட்டி கேம் ஒரு சிறு குழுவின் கையில் வளர்ந்து 2018 ஜனவரியில் முழு கேமாக வெளிவந்தது. மேட்லின் என்ற பெண் ஒரு மலை உச்சிக்கு ஏறுகிறாள். அவளிடம் இருப்பது மூன்றே வித்தை: குதிப்பது, சுவரைப் பிடித்து ஏறுவது, அந்தரத்தில் ஒரே ஒரு முறை எட்டுத் திசைகளில் ஏதாவது ஒன்றில் பாய்வது. அந்தப் பாய்ச்சல் கைவசம் இருந்தால் அவள் முடி சிவப்பு, தீர்ந்துவிட்டால் நீலம். திரை ஓரத்தில் மீட்டர் எதுவும் கிடையாது. நம் கண் எப்படியும் அவள் மேல்தானே இருக்கும், முடியைப் பார்த்தாலே போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஒரு யோசனைக்கே நான் முழு விலை கொடுப்பேன்.

சரி, ரசமட்டத்துக்கு வருகிறேன். என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன விடுமுறையில் முதல் அத்தியாயத்தில் ஒரே பள்ளத்தில் இருபது தடவை விழுந்தான். ஒவ்வொரு தடவையும் "நான் அமுக்கினேன் மாமா, இதுதான் குதிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் முறையிட்டான். நானும் இதே வசனத்தை வேறு பல கேம்களிடம் பேசியவன்தான். அதனால் செல்போனை எடுத்து, அவன் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வைத்து, ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்தேன். ஓட்டிப் பார்த்தோம். மேட்லின் விளிம்பைத் தாண்டி, காலுக்குக் கீழே தரையே இல்லாமல் கொஞ்ச தூரம் போய், விழ ஆரம்பித்து, நன்றாகவே விழுந்துகொண்டிருக்கும்போதுதான் அவன் விரல் பட்டனைத் தொடுகிறது. பையன் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் வாயே திறக்கவில்லை.

அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அந்தக் கேம் அவனுக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் அமுக்கினால் தரையில் நின்று குதித்ததாகவே கணக்கு. பழைய கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி ஓடிப்போய், கீழே குனிந்து பார்க்கும்வரை விழாமல் அந்தரத்தில் நிற்குமே கொயோட்டி என்ற ஓநாய் வகைப் பிராணி, அதன் பெயரால் இதைக் கொயோட்டி டைம் என்பார்கள். இது மட்டுமில்லை. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அவசரப்பட்டு அமுக்கிவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்க வைக்கும். தலை மேல்தளத்தின் மூலையில் லேசாக இடித்தால் அவளைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்திவிடும். பட்டனைப் பிடித்தபடியே இருந்தால் குதிப்பின் உச்சியில் ஈர்ப்பு பாதியாகிவிடும், எங்கே இறங்குவது என்று பார்த்துக்கொள்ள ஒரு கணம் கிடைக்கும். தரையில் நிற்கும் முள்ளிலிருந்து மேலே எழும்பிப் போகும்போது உரசினால் சாவு இல்லை. இவ்வளவு சலுகையும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, நாமோ எல்லாம் நம் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம். கேம் இரக்கமில்லாதது என்று எழுதிய முதல் வாசகர் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதே சோதனையை இன்னொரு கேமிலும் செய்தேன். அதுவும் தள்ளுபடியில் வாங்கியதுதான், பெயர் வேண்டாம், ஏதோ இரண்டு மூன்று பேர் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்திருப்பார்கள். அங்கே விரல் விளிம்புக்கு முன்னாலேயே அமுக்குகிறது, வீடியோவில் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் பொம்மை குதிக்கவில்லை. அதுதான் கோணல் கூடம். அதில் விழுந்தவரைப் பார்த்து 'உனக்கு ஆடத் தெரியவில்லை' என்று சொல்வது அநியாயம். அந்தக் கேமின் ரிவ்யூக்களில் பாதிப் பேர் 'இந்த விலைக்கு ஓகே' என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியவே இல்லை. விலை பாதியானால் பள்ளமும் பாதி அகலம் ஆகிவிடுமா?

கஷ்டம் வேறு, குறை வேறு என்பதுதான் நான் சொல்ல வருவது. கஷ்டமான கேமிலும், செத்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 2010இல் வந்த 'சூப்பர் மீட் பாய்' கேமில் செத்த மறுகணமே திரும்ப ஓடலாம். லெவலை முடித்ததும், நாம் செத்த அத்தனை தடவையையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் காட்டும், இருபது முப்பது பேர் கும்பலாகக் கிளம்பி வழியெல்லாம் செத்து ஒருவன் மட்டும் போய்ச் சேர்வான், சிரிப்பாக இருக்கும். 'செலெஸ்ட்'டும் அந்த வழிதான், செத்தால் அதே திரையின் தொடக்கம், கண் இமைக்கும் நேரத்தில். எதிர்ப்பக்கம் 2025 செப்டம்பரில் வந்த 'சில்க்ஸாங்'. மூன்று நான்கு பேர் பல வருஷம் உழைத்த அழகான கேம், ஆனால் பாஸ் எனப்படும் பெரிய எதிரியிடம் தோற்றால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மறுபடி நடந்து வர வேண்டும், சில இடங்களில் அந்த நடையே ஒரு சண்டை. அதைப் பற்றி விளையாடுகிறவர்கள் பெரிய தகராறே போட்டார்கள். சில நாட்களிலேயே அதைச் செய்த டீம் செர்ரி குழு தொடக்கத்தில் வரும் இரண்டு பாஸ்களைக் கொஞ்சம் தணித்துவிட்டது. 'ஆடத் தெரியாதவள்' கட்சிக்காரர்கள் அதற்கும் கோபித்துக்கொண்டார்கள். கட்டியவரே வந்து கூடத்தைச் சரிசெய்யும்போது பார்க்க வந்தவருக்கு என்ன கோபம்?

அதற்காக 'செலெஸ்ட்' குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது கடிதக்காரர் காதில் விழட்டும். கன்ட்ரோலரில் எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய அனலாக் ஸ்டிக்கில் விளையாடினால் மேல்-வலப்பக்கம் பாயச் சொன்னால் நேராக வலப்பக்கம் பாய்ந்து முள்ளில் போய்ச் சொருகிக்கொள்ளும் சம்பவம் எனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. வீடியோ எடுத்துப் பார்த்ததில் குற்றம் பாதி என் விரலிலும் பாதி ஸ்டிக்கிலும் இருந்தது. திசைக்கு ஒன்றாக அமுக்கும் டி-பேடுக்கு மாறியதும் சரியாகிவிட்டது, ஆனால் அதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். மூன்றாவது அத்தியாயத்தில் வரும் ஹோட்டல் ரொம்ப நீளம். ஒஷிரோ என்ற ஆவி நடத்தும் பாழடைந்த ஹோட்டலில் குவியல் குவியலாகக் கிடப்பதை ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டும், ஒரு குவியல் போதாதென்று மூன்று. முதல் வாசகர் அங்கே சலித்துப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஐந்தாவதில் இருட்டும், நண்பனைத் தூக்கிக்கொண்டு திரிவதும் சேர்ந்து வேகத்தைக் கெடுக்கின்றன. அப்புறம் வேவ்டேஷ், அதாவது தரையை நோக்கிச் சாய்வாகப் பாய்ந்து உடனே குதித்து வேகம் எடுப்பது. இந்த நுணுக்கத்தை முதல் அத்தியாயத்திலேயே செய்ய முடியும், ஆனால் கேம் அதைச் சொல்லிக்கொடுப்பது 2019இல் இலவசமாகச் சேர்த்த ஃபேர்வெல் என்ற கடைசி அத்தியாயத்தில்தான், அதுவும் ஸ்லைடு போட்டுப் பாடம் எடுத்து! தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டார்களோ என்னவோ, எனக்கு அது கொஞ்சம் ஓரவஞ்சனையாகப் பட்டது.

கதையைப் பற்றியும் தகராறு உண்டு. மேட்லினுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் இருக்கிறது, அவளுடைய இன்னொரு முகமே தனி உருவமாக எழுந்து அவளைத் துரத்துகிறது. வசனங்கள் உபதேசம் போல இருக்கின்றன என்று சிலர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஆறாவது அத்தியாயத்தில் அந்த உருவத்தோடு சமாதானம் ஆனதும் முடி இளஞ்சிவப்பாகி, ஒன்றுக்குப் பதில் இரண்டு பாய்ச்சல் கிடைக்கிறதே, அந்த இடத்தில் வசனமே தேவைப்படவில்லை. அதுவரை எட்டாத மேடை எட்டும்போது கையில் ஒரு குறுகுறுப்பு வரும் பாருங்கள், லீனா ரெய்னின் இசையும் சேர்ந்துகொள்ளும்.

இனி தள்ளுபடி. இந்த வகையே பிடிக்காத பலரும் விலையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2015இலிருந்து இருக்கும் விதிப்படி, வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். என் வேகத்துக்கு அந்த இரண்டு மணி நேரம் சரியாக ஒஷிரோவின் ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் விட்டது. கேமின் சுமாரான பகுதியில் நின்றுகொண்டு, வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ரிவ்யூவிலும் கட்டைவிரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். 'ஸ்டிக் படுத்துகிறது, ஹோட்டல் இழுவை, ஆனால் ஆறாம் அத்தியாயத்துக்காக விளையாடு' என்பதற்கு எந்த விரலைக் காட்டுவது?

'முழு விலைக்கு வேண்டாம், சேலில் வாங்கு' என்ற அறிவுரையும் எனக்குப் பிடிக்காது. 2010இல் 'லிம்போ' வந்தபோதும் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே, இதற்கு இவ்வளவா என்றார்கள். மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் இழுத்தடிக்கிற கேம்தான் எப்போதும் ஜெயிக்கும். பர்ஸில் காசு இல்லாவிட்டால் சேலுக்குக் காத்திருப்பது நியாயம், நானும் அப்படித்தான் காத்திருந்தேன். அதைக் கேமின் தராதரமாகச் சொல்வதுதான் உறுத்துகிறது.

அக்கா மகன் கதை பாக்கி இருக்கிறது. வீடியோவைப் பார்த்த பிறகும் அந்தப் பள்ளம் அவனுக்கு வசப்படவில்லை. அசிஸ்ட் மோடைப் போட்டுக் கொடுத்தேன், வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், வேண்டுமானால் சாகவே சாகாத மாதிரிகூட வைத்துக்கொள்ளலாம். "இது ஏமாத்து இல்லையா மாமா?" என்றான். கேமைச் செய்தவர்களே முதலில் இதற்கு 'சீட் மோட்' (ஏமாற்று மோட்) என்றுதான் பெயர் வைத்திருந்தார்களாம், பிறகு மாற்றினார்கள், அறிமுக வாசகத்தைக்கூட விளையாடுகிறவர்கள் சொன்னதைக் கேட்டுப் பின்னால் திருத்தி எழுதினார்கள். பையன் எழுபது சதவீத வேகத்தில் ஆரம்பித்தான். நாலு நாளில் எண்பது, அப்புறம் தொண்ணூறு. யாரும் சொல்லாமலே ஒரு நாள் அணைத்துவிட்டான். இப்போது ஹோட்டலில் ஒஷிரோ அவனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கேம்களைப் பற்றி உங்கள் இதழில் கட்டுரையோ கடிதமோ வரும்போது எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார், எதில் விளையாடினார் என்று கீழே ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும். ஸ்டீமிலேயே ரிவ்யூ பக்கத்தில் நேரம் போடுகிறார்கள், நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பேன்.

என் கணக்கு: தள்ளுபடியில் வாங்கியது. ஸ்டிக்கில் ஐந்து மணி நேரம், டி-பேடில் ஒன்பது. கதை முடியும்வரை 2,114 சாவு. ஃபேர்வெல் பாதியில் நிற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்