நம்மூரைச் சுட்ட கப்பலின் பீரங்கி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் டிவி முன்னால் உட்கார்ந்து சரி சரி என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சிட்னியிலிருந்து அனுப்பிய படம் வந்தது. பேரன் கையில் ஐஸ்கிரீம், பின்னால் பீரங்கி. ‘பார்க்கில் ஒரு பழைய பீரங்கி’ என்று மட்டும் எழுதியிருந்தாய். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பீடத்தில் ‘எம்டன்’ என்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தட்டினால் இதையெல்லாம் சொல்லி முடிக்க முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மார்க் ஷீட்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? “சரியான எம்டன்டி நீ” என்று அம்மா அன்றைக்குத் திட்டினாள். அந்த எம்டன்தான் இது. மனிதன் பேர் இல்லை, ஜெர்மன் போர்க்கப்பல். அதற்கு மூன்று புகைபோக்கிதான். பொய்யாக நாலாவதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆங்கிலேயக் கப்பல் மாதிரி பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நம் ஆட்கள் எமகாதகனுக்கெல்லாம் அதன் பெயரை வைத்தார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

பினாங்குக்கு முன்னாலேயே அது நம்மூருக்கு வந்துவிட்டது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி. உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சென்னையில் விளக்குகளைக்கூட அணைத்து வைக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. எம்டன் கடலில் நின்று சுமார் 130 குண்டு போட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு இருட்டில் போய்விட்டது. செத்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் இருந்தவர்களும் அதில் அடக்கம்.

என் பாட்டிக்கு, அதுதான் ஆயாவுக்கு, அப்போது ஒன்பது வயது. மண்ணடியில் வீடு. நவராத்திரி நேரம். பக்கத்து வீட்டுக் கொலுவில் வாங்கி வந்த சுண்டலைத் தின்று முடித்துப் படுக்கிற சமயம், இடி இடித்ததாம். மழை வருது என்று அவள் அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். போனவள் துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டாள். துறைமுகம் பக்கம் வானம் சிவப்பாக இருந்ததாம்.

மறுநாளிலிருந்து ஊரே கிளம்பியது. ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலுக்கு அடித்துக்கொண்டு நின்றார்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாட்டு வண்டி பிடித்தார்கள். திருவள்ளூரில் ஆயாவின் மாமா வீடு. வண்டிக்காரன் மூன்று பங்கு கூலி கேட்டான். கையில் அவ்வளவு இல்லை, ஆயாவின் கால் கொலுசைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். எம்டன் திரும்பி வரவே இல்லை. பத்து நாள் கழித்து இவர்கள் வந்துவிட்டார்கள், கொலுசு வரவில்லை. சாகும்வரைக்கும் ஆயா சொல்லிக்கொண்டே இருந்தாள்: “எம்டன் என் கொலுசைத் தின்னுட்டான்.” வண்டிக்காரன் பேரில் அவளுக்கு ஏன் கோபம் வரவில்லை என்று நான் கேட்டதே இல்லை.

சுதந்திரத்துக்குப் போராடிய செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார், வெள்ளைக்காரனைத்தான் சுட்டார் என்று இங்கே ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் நம்புவதில்லை.

அப்புறம் உன் ஊர்க் கதை. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போன எம்டன், ஆஸ்திரேலியக் கப்பலான ‘சிட்னி’யிடம் மாட்டிக்கொண்டது. சிட்னியின் பீரங்கிகள் பெரிசு, இன்னும் தூரம் பாயும். எம்டன் கரையில் ஏறி நின்றுவிட்டது. அதில் இருந்தவர்களில் 130 பேருக்கு மேல் செத்தார்கள், சிட்னியில் நாலு பேர். அங்கிருந்து கழற்றிக்கொண்டு வந்த பீரங்கியைத்தான் 1917-இல், போர் முடிவதற்கு முன்பே, உங்கள் ஹைட் பார்க்கில் நிறுத்தினார்கள். அவர்களுக்கு அது ஜெயித்து வந்த பொருள். துடைத்து, பீடம் கட்டி, நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன்.

இங்கே இருப்பது ஒரு கல். ஹைகோர்ட்டு மதிலில் கிழக்குப் பக்கம் பதித்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்திருக்கிறேன். அந்தக் கல்லை நின்று படித்தது ரிட்டயர் ஆன பிறகுதான், அதுவும் பஸ் வராததால். செத்தவர்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. ஆயா சொன்ன கதைக்கு ஊர் வைத்திருக்கும் சாட்சி அவ்வளவுதான் என்று அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. உன் படத்தைப் பார்த்த பிறகு, இன்னொரு சாட்சி கடல் தாண்டி நிற்கிறது, என் பேரன் அதன் கீழே நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான் என்று தோன்றியது. இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

எம்டனில் மொத்தம் பத்துப் பீரங்கி. ஒரு பக்கமாகத் திரும்பிச் சுட்டால் ஐந்துதான் சுட முடியும். ஆகவே உங்கள் பார்க்கில் நிற்பது மண்ணடியைப் பார்த்து வாயைத் திறந்திருக்க அரைக்கு அரை வாய்ப்பு. குமாஸ்தா கணக்கு என்று சிரிக்காதே.

ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது குழலின் வாய்க்கு நேரே பேரனைக் கையை விரித்து வைக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பு. குறுக்களவு பத்தரை சென்டிமீட்டர், என் கைக்கு அரைச் சாண். அவன் கைக்கு எவ்வளவு வருகிறது பார்க்க வேண்டும். முடிந்தால் உங்கள் ஊர்த் துறைமுகக் கரையில் இருக்கும் பிராட்லிஸ் ஹெட் பக்கமும் கூட்டிக்கொண்டு போ. சிட்னி கப்பலின் கம்பத்தை அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் நீங்கள் வந்தால் ஹைகோர்ட்டுக் கல்லை நான் காட்டுகிறேன்.

மாவடு ஊறிக்கொண்டிருக்கிறது, வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனிடம் கொலுசுக் கதையைச் சொல்லிவிடு. பீரங்கி முன்னால் நின்று “எங்க பாட்டியோட ஆயா கொலுசு எங்கே?” என்று கேட்கட்டும். உறவுமுறை தப்புதான், எனக்குத்தான் அவள் ஆயா. ஆனால் அவன் வாயில் அப்படித்தான் வரும், திருத்தாதே.

அன்புடன்,
அப்பா